டென்மார்க் தியாகருக்கு நான் போர்த்தாத பொன்னாடை

தியாகர் போய்விட்டாராம். டென்மார்க் தியாகர். காலையில் மகள் போனில் காட்டினாள்.

இந்தக் குழுவில் எல்லோரும் கைகூப்பின படம் போட்டிருக்கிறீர்கள். "ஒரு அரசாங்கத்தையே வீழ்த்திய தமிழன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்... இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துப் பிழை இருந்தால் பொறுங்கள். பொய் இருந்தால் பொறுக்க வேண்டாம்.

என் மகன் ரவி டென்மார்க்குக்கு அகதியாகப் போனவன். மனைவி சுகந்தியும் கைக்குழந்தை மதுவும் யாழ்ப்பாணத்தில் என்னோடு. அவர்களைக் கூப்பிடச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அந்த நாட்டு நீதி அமைச்சர் எங்கள் சனத்தின் விசாப் பேப்பர்களை இரகசியமாக நிறுத்தி வைத்திருந்தார்.

தியாகர் அங்கே எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளர். டெனிஷ் அவர் வாயில் தண்ணீர் மாதிரி ஓடும், அதை மறுக்க மாட்டேன். அவருடைய மனைவி பிள்ளைகள் முன்னமே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

ரவி அவரிடம் போய்க் கேட்டிருக்கிறான். "அண்ணை, மற்றப் பெடியள் லோயரிட்டைப் போகினம். எனக்கும் ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ."

"விசரே உமக்கு? வெள்ளைக்காரன் சோறு போடுறான், அவனுக்கு எதிரா முறைப்பாடோ? குழப்படிக்காரன் எண்டு பேர் வந்தா பிளேனிலை ஏத்திப்போடுவான். பேசாமல் இரும்."

பிள்ளை பேசாமல் இருந்தான். முறைப்பாடு கொடுத்தவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராய் டென்மார்க் போய்ச் சேர்ந்தார்கள்...

சுகந்திக்குப் பேப்பர் வரமுதல் ஷெல் வந்தது. கிணற்றடியில்.

பிறகுதான் மதுவுக்கு விசா வந்தது. பிள்ளையை அனுப்பிவிட்டு நான் மகளோடு ரொறன்ரோ வந்தேன். இங்கே வந்து பார்த்தால் தியாகரும் இங்கே!

1993 ஜனவரி. அங்கே ஒரு நீதிபதி விசாரித்து எழுதிய அறிக்கை வெளியே வந்தது. பிரதமரே பதவியை விட்டுப் போனார். எங்கள் பேப்பர்களை நிறுத்தியதால் ஒரு வெள்ளைக்கார அரசாங்கம் விழுந்தது.

உடனே இங்கே ஒரு ஸ்கூல் ஹோலில் கூட்டம். வெளியே ஸ்னோ, உள்ளே தியாகர். "நாங்கள் பயப்படாமல் வாய் திறந்தம்!" என்று மைக்கில் முழங்கினார். நாங்களாம்.

"டென்மார்க்கிலை மகன் இருக்கிற அம்மா ஒராள் வந்திருக்கிறா, அவவே பொன்னாடை போர்த்துவா" என்று அறிவித்தார்கள். போனேன். அவர் கழுத்தைக் குனித்துக் கொடுத்தார்.

"ரவி சுகமோ அம்மா?"

"ரவி சுகம். சுகந்தி எங்கை?"

மைக் கிட்டத்தான் இருந்தது. ஹோல் முழுக்கக் கேட்டது.

"உதைப் பற்றி இப்ப கதைக்காதேங்கோ. சபை..."

பொன்னாடையை மடித்தேன். கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

"அம்மா, பொன்னாடை!" என்று பின்னால் ஓடி வந்தார் செயலாளர். "அது சங்கத்தின்ரை எல்லே!"

"சுகந்தியின்ரை பேப்பரை அவர் தரட்டும். இதை நான் தாறன்."

அடுத்த நாள் தியாகரின் மனைவி என் மகளுக்குப் போன் எடுத்தார். "அஞ்சாம் வகுப்பு மனுசிக்கு டென்மார்க் அரசியல் என்ன விளங்கும்?"

அந்தச் சொல் சுட்டது. அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ரவியிடம் ஒன்றுதான் கேட்பேன்: "உங்கை என்ன நடக்குது?" மே மாதம் ஐரோப்பா ஒப்பந்தத்துக்கு இரண்டாம் தரம் வோட்டு, இந்த முறை ஓம் என்றார்கள். பிறகு அந்தப் பழைய நீதி அமைச்சரை நீதிமன்றத்தில் ஏற்ற நாடாளுமன்றம் முடிவெடுத்தது. நவம்பரில் நகரசபைத் தேர்தல், சில வருஷம் இருந்த வெளிநாட்டவருக்கும் வோட்டு.

"அம்மா, இண்டைக்கு நானும் போட்டனான்" என்றான் ரவி. 

தியாகர் கடைசிவரை மேடை மேடையாக அந்தப் பேச்சைப் பேசினார். மில்லிக்கன் பிளாசாக் கடைகளில் என்னைக் கண்டால் மட்டும் மற்ற வாசலால் போவார்.

இப்போது என் பேத்தி மது டென்மார்க்கில் நகரசபைத் தேர்தலுக்கு நிற்கிறாள். தெருக் கம்பங்களில் அவள் முகம் தொங்குகிறது. தாயின் முகம் அப்படியே...

"செத்த மனுசனோடை என்ன கோபம் அம்மா, ஒருக்கா முகம் பார்த்திட்டு வருவம்" என்கிறாள் மகள். நான் போகவில்லை. பொன்னாடை என் சூட்கேசில்தான் கிடக்கிறது. அதுவும் போகாது.

போம் தியாகர். அங்கே சுகந்தி நிற்பாள். ஆறுதலாக யோசித்துப் பதில் சொல்லும். அவளுக்குக் காத்திருந்து பழக்கம்.