நான் கிள்ளிப் போட்ட ராணி அறைகள்

மகளின் பிரசவத்துக்காக என் மனைவி பிரான்சுக்குக் கிளம்பிய அன்று, டாக்சி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவள் மாடிக்கு ஏறிப் போய்விட்டாள். சென்னை விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். கார்த்திகை மழை வேறு. நான் கீழே நின்று கத்தினேன். “மேல இன்னா பண்ற? பிளேன் உனக்காக நிக்குமா?” அவள் நிதானமாக இறங்கி வந்தாள். “பெட்டிய ஒரு வாட்டி பாத்துட்டு வந்தேன். நான் வர்ற வரைக்கும் அதப் பத்திரமா பாத்துக்கங்க” என்றாள். என்னையும் பத்திரமாக இருக்கச் சொன்னாளா என்று நினைவில்லை. சொல்லியிருப்பாள். நான்தான் சூட்கேஸைத் தூக்குகிற மும்முரத்தில் இருந்தேன்.

பெட்டி என்பது தேனீப் பெட்டி. இரண்டு வருடத்துக்கு முன் லாஸ்பேட்டையில் ஒருவரிடம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, நான்காம் நாள் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். உள்ளே பொந்துத் தேனீ, நாலு தேனடை. “ஊருல அவனவன் தேனீயக் கண்டா ஓடுறான். நீ வீட்டுக்கே கூட்டிக்கினு வரியா?” என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மாடிக்குத் தூக்கிப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமே நான் போனதில்லை. மின்துறையில் ஃபோர்மேனாக இருந்தவன் நான். கம்பத்தில் ஏற பயந்ததில்லை. தேனீக்குப் பயம் என்று வெளியே சொல்ல முடியுமா?

மருமகன் சொல்தா வீட்டுப் பையன். அவனுடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. பெண்ணைக் கொடுக்கும்போது தெருவே என்னைப் பொறாமையாகப் பார்த்தது. இப்போது பெண்ணும் அங்கே, பெண்டாட்டியும் அங்கே. நல்ல பொறாமைதான் பட்டார்கள்.

“மூணே மாசம், மாசியில வந்துடுவேன்” என்று சொல்லித்தான் போனாள். விசா மட்டும் ஒரு வருடத்துக்கு இருந்தது. அந்தத் தேதியை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனாலும் பெட்டி இங்கே இருக்கிறதே, பெட்டி உயிரோடு இருக்கும்வரை அவள் வந்தே தீருவாள் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். தேனீக்காக வருகிறவள் புருஷனுக்காக வரமாட்டாளா என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்துக்கு இந்தப் பக்கம், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே. தெருவில் என்னோடு பேசுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் பால்காரர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவள் இருந்தவரை நான் சண்டை போட்ட வீடுகளுக்கெல்லாம் அவள் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வருவாள். அவள் போனபிறகு சண்டைகள் போட்டபடியே கிடந்தன.

ஒரு ஆளுக்குச் சமைப்பது போல எரிச்சல் பிடித்த வேலை உலகத்தில் கிடையாது. அரை டம்ளர் அரிசி குக்கரின் அடியில் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அங்கே அப்போது காலை. பேத்திக்குப் பால் கொடுத்தபடி மகள் இருப்பாள், பின்னால் இவள் ஸ்வெட்டருக்குள் பாதியாகத் தெரிவாள். “சாப்ட்டீங்களா?” “ஆச்சு.” “பெட்டி எப்படி இருக்கு?” அங்கேதான் பேச்சே தொடங்கும். மற்றது எதையும் எனக்குப் பேசத் தெரியவில்லை.

மழைக்காலம் முழுக்க அவள் சொன்னபடி சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்தேன். எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் நாலு காலுக்கும் கீழே கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன். முதல் தடவை மூடியைத் திறந்தபோது அவளுடைய வலைத் தொப்பி, என் முழுக்கைச் சட்டை, மருமகன் விட்டுப்போன கையுறை என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி போனேன். இருந்தும் கழுத்தில் ஒன்று கொட்டியது. “ஐயோ” என்று கத்தினேன். கேட்க ஆளில்லாத வீட்டில் கத்துவதற்கே வெட்கமாக இருந்தது.

பொங்கல் கழிந்து மழை முழுதாக விட்டதும் தேனீக் கூட்டம் பெருக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு முருங்கை பூத்தது, தென்னையில் பாளை வெடித்தது. காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போனால் பெட்டி வாசலில் டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஒரு இரைச்சல். கால்களில் மஞ்சள் மகரந்தத்தை அப்பிக்கொண்டு வந்து இறங்கும். நாலு அடை ஆறானது, ஆறு எட்டானது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்காகப் பார்த்தேன். பேசவும் செய்தேன். “எங்கடி போய்ட்டு வர்ற இவ்ளோ நேரம்?” என்று ஒன்றைக் கேட்பேன். வெட்கமென்ன, அன்றைக்கு முழுக்க நான் வாயைத் திறந்தது அதுகளிடம் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டோடு சண்டை. கூட்டம் பெருகினால் தேனீக்கள் வெளியே பறக்கும்போது எச்சமிட்டு மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி வைக்கும். காயப் போட்ட துணியில் விழுந்தால் லேசில் போகாது. பக்கத்து வீட்டம்மாவுக்கு மீன் வியாபாரம். விடியற்காலையில் துறைமுகம் போய்வந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மாடியில் துவைத்துப் போடுவாள். ஒருநாள் சட்டையை எடுத்துவந்து காட்டினாள். “இன்னாண்ணா இது, மஞ்சத்தண்ணி தெளிச்ச மாதிரி? எத்தன வாட்டி தொவைக்கிறது?” தன்மையாகத்தான் கேட்டாள். நான்தான், “என் மாடி, என் தேனீ. உன் கொடிய அந்தாண்ட மாத்திக் கட்டு” என்றேன். “அண்ணி இருந்தா இப்படிப் பேசுவாங்களா?” என்றாள். அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. கதவை அடித்துச் சாத்தினேன்.

மாசி பிறந்தபோது, ஒரு அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை மாதிரி மூன்று கூடுகள் தொங்குவதைப் பார்த்தேன். லாஸ்பேட்டைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமைசாலி. “அது ராணி அறை சார். புது ராணி வளக்குதுங்க. அது வெளிய வர்றதுக்கு முன்னாடி பழைய ராணி பாதிக் கூட்டத்தோட கெளம்பிடும். இடம் பத்தலன்னா அதுங்க வழக்கம் அதான். இன்னொரு பெட்டி தர்றேன், ரெண்டா பிரிச்சு வச்சிடலாம்.”

“பிரிக்கிற பேச்சே வேணாம். வேற வழி?”

“அப்ப வாராவாரம் அறையக் கிள்ளிப் போடணும். ஆனா சார், கிள்றதுக்கு முன்னாடி…”

“சரி சரி, கிள்ளிடறேன்” என்று போனை வைத்துவிட்டேன். யார் பேசினாலும் பாதிக்கு மேல் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு பெட்டியை என்னிடம் விட்டுப் போனாள், அந்த ஒரு பெட்டி அப்படியே நிறைந்து இருப்பதை அவள் வந்து பார்க்க வேண்டும். பாதியை அனுப்பிவிட்டுப் பல்லிளிக்கவா நான் இருக்கிறேன்?

ஞாயிற்றுக்கிழமைதோறும் கிள்ளினேன். மூன்று கிள்ளினால் அடுத்த வாரம் நாலு கட்டின. பிடிவாதத்தில் அதுகள் எனக்குச் சளைத்தவை இல்லை. ஒருநாள் அவள் போனில், “இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போம்மான்னு பொண்ணு கேக்குறா. அவளுக்கு வேலைக்குப் போவணுமாம். நீங்க இன்னா சொல்றீங்க?” என்றாள். “உன் இஷ்டம். இங்க பெட்டி நல்லாத்தான் இருக்கு” என்றேன். பிறகு பேத்தியைக் காட்டினாள். அந்த வாரமே மாசி டிக்கெட்டைச் சித்திரைக் கடைசிக்குத் தள்ளிப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல். போர்வைக்குள் கிடந்தேன், மாடி ஏறவில்லை. பத்து பத்தரை இருக்கும், வாசல் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா. இன்னொரு சட்டையா? எனக்கு எழுந்து நின்று சண்டை போடத் தெம்பில்லை. மறுபடி மணி. “அண்ணா… அண்ணா…” டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நாலு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டாள். தொலைந்தது சனியன் என்று திரும்பிப் படுத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மேலே போனேன். கூட்டம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. வெளியே வேலைக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். ஒரு வாரம் தப்பியதில் ஐந்து ராணி அறைகள், வாய் மூடி முற்றி இருந்தன. ஐந்தையும் கிள்ளினேன். ஒன்றுக்குள் வெள்ளையாக, கண் வைத்து, கால் மடித்து, முழுசாக ஒரு ராணி இருந்தது. என்னவோ போல் இருந்தது, ஆனாலும் கிள்ளிப் போட்டேன். அடுத்த வாரம் அடையின் நடுவிலேயே இரண்டு கட்டியிருந்தன. ஓரத்தில் கட்டினால் நான் பார்த்துவிடுவேன் என்று நடுவில் ஒளித்துக் கட்டுகின்றனவாக்கும் என்று சிரித்துக்கொண்டே அவற்றையும் நசுக்கினேன். அதற்கப்புறம் அவை ராணி அறை கட்டவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்டினேன்.

பங்குனி பாதியில் ஒரு காலை, கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு அடையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் வெள்ளை நூல் துண்டு மாதிரி முட்டை. சிலதில் இரண்டு, சிலதில் மூன்று. மத்தியானம் போனில் பெருமை தாங்கவில்லை. “உன் ராணி ரெட்டை ரெட்டையா முட்ட வைக்குது, தெரியுமா?” அவள் முகம் மாறியது. “ஒரு அறைக்கு ஒண்ணுதாங்க வைக்கும்” என்றாள். அவளே லாஸ்பேட்டைக்காரருக்குப் போன் செய்திருக்கிறாள். மறுநாள் சாயந்திரம் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

ஒவ்வொரு அடையாகத் தூக்கிப் பார்த்தார். கடைசி அடையை உள்ளே இறக்கிவிட்டு, “சார், ராணி இல்ல” என்றார்.

“முட்ட இருக்குதே?”

“தாயில்லாத கூட்டத்துல வேலைக்கார ஈயே முட்ட வைக்க ஆரம்பிச்சிடும் சார். அதுல ஆண் ஈதான் பொறக்கும். அது தேன் எடுக்காது, ஒண்ணும் பண்ணாது. கூட்டம் பிரிஞ்சி போனது எப்ப?”

“பிரியவே இல்லையே. வாராவாரம் கிள்ளிட்டேனே. கடைசியில அடை நடுவுல கட்டுனதக்கூட விடல.”

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள் அப்போதுதான் திரும்பினாள். “பிரிஞ்சுதேண்ணா. அன்னிக்கி ஞாயித்துக்கெழம எங்க முருங்கையில இத்தாம் பெருசா தொங்குச்சி. அதச் சொல்லத்தான் வந்தேன். மணி அடிச்சி அடிச்சிப் பாத்தேன், நீங்க தொறக்கல. மத்தியானம் வரைக்கும் இருந்துச்சி. அப்பறம் கடல்பக்கமா பறந்துடுச்சி.”

லாஸ்பேட்டைக்காரர் என்னைப் பார்க்காமல் பேசினார். “பழைய ராணி போனப்பறம் அந்த அறைங்கதான் சார் மிச்சம். ஒண்ண விட்டிருந்தாப் போதும். நடுவுல கட்டுச்சின்னு சொன்னீங்களே, அது கடைசியா இருந்த புழுவ வச்சி அதுங்க பொழைக்கப் பாத்தது. கிள்றதுக்கு முன்னாடி புது முட்ட இருக்குதான்னு பாக்கணும். அன்னிக்கே சொல்ல வந்தேன்.”

“இப்ப வேற ராணிய வச்சா?”

“இந்த நெலமையில ஏத்துக்காது சார். கொன்னுடும்.”

அவர் போன பிறகு வாளி மேல் உட்கார்ந்திருந்தேன். அதுகள் இரண்டு தடவை பிழைக்கப் பார்த்திருக்கின்றன. இரண்டு தடவையும் நான் கண்ணாடி போட்டுக்கொண்டு போய், தேடித் தேடிக் கொன்றிருக்கிறேன். அழுதேன். அறுபத்தோரு வயதில் மொட்டை மாடியில் வாளி மேல் உட்கார்ந்து ஒருத்தன் அழுவதைப் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டு, பார்க்காதது போல் கீழே இறங்கிப் போனாள்.

சித்திரை வெயிலில் பெட்டி நாளுக்கு நாள் இளைத்தது. மகரந்தம் கொண்டுவருவது நின்றது. சோம்பேறி ஆண் ஈக்கள் வாசலில் முட்டி மோதின. மெழுகுப் பூச்சி அடையில் நூலாம்படை கட்டியது. லாஸ்பேட்டைக்காரரிடம், அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனில் அவள் கேட்கும்போதெல்லாம், “அவரு வந்து சரி பண்ணிட்டாரு” என்று புளுகினேன். பெட்டி செத்தால் அவள் வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்கிற பயம்தான். பெட்டியை மூடியோடு வெளியிலிருந்தே போனில் காட்டுவேன்.

ஒருநாள் காலை மூடியைத் திறந்தபோது ஒரு கைப்பிடி ஈகூட இல்லை. அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மணி, முருங்கை மரம், வெள்ளையாக இருந்த அந்த ராணி, ஒன்று விடாமல். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது தாங்கவில்லை எனக்கு.

“நீ வந்துடு” என்றேன். “தனியா இருக்க முடியலம்மா. சத்தியமா முடியல. சோறு எறங்கல.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் பேத்தி சிணுங்கியது.

“அஞ்சு மாசமா தெனம் பேசறோம். எப்பக் கேட்டாலும் பெட்டி, பெட்டி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வான்னு சொல்லியிருக்கீங்களா? பொண்ணு இருக்கச் சொல்றான்னு நான் கேட்டனே, அன்னிக்கிக் கூட வாயத் தொறக்கல. ஆளு இல்லாமலே நல்லாத்தான் இருக்காரு போலன்னு நெனச்சிக்கினேன்.”

“இப்ப சொல்றேனே. வந்துடு.”

“எப்படிங்க வர்றது? என்னை நம்பி அவ வேலைக்குச் சேந்துட்டா. போன வாரம்தான் டிக்கெட்ட மறுபடியும் மாத்துனோம்” என்றாள். “இனிமே ஐப்பசிலதான்.”