வரவேற்புப் பலகையில் ஏறிய சொல்

போன ஆவணியில், கிளிநொச்சியில் ஒரு கல்யாண மண்டபம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் ஆறாது.

நான் பரந்தனில் இருந்துகொண்டு கல்யாண வீடுகளுக்கு வரவேற்புப் பலகை எழுதிக் கொடுப்பவள். வாட்டர்கலர் பென்சிலால் எழுதுவது. போனில் பார்த்துப் பார்த்து நானாகப் பழகியது. வீட்டிலேயே பலகையில் ஒட்டிய தாளில் பென்சிலால் எழுத்தை வரைந்துகொண்டு போவேன். அதுவரை அதை றப்பரால் அழித்துவிடலாம். வீட்டுக்காரர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மண்டபத்தில் வைத்து ஈரத் தூரிகையால் தொடுவேன். தண்ணீர் பட்டதும் நிறம் பொங்கிக்கொண்டு தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு என்ன செய்தாலும் போகாது.

அன்றைய மணமகளின் தகப்பன் யுத்தம் முடிந்த நேரத்தில் காணாமல் போனவர்; தாய் அவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தங்கச்சி, அவற்ற பேருக்கு முன்னால அமரர் எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ."

கல்யாணத்தன்று காலை பலகையை வாசலில் நிறுத்திவிட்டுத் தூரிகையை நனைக்கப் போகிறேன், மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, தகப்பனுக்கு அமரர் போடேல்லை?"

"அம்மா வேண்டாம் எண்டவா, ஐயா."

"அவா சொல்லுவா. இவ்வளவு காலமா வராத மனிசன் இனியே வரப்போறார்? குங்குமத்தையும் வைச்சுக்கொண்டு மணவறையடியில முன்னுக்கு வேற நிக்கப்போறாவாம். எங்கட சனம் சிரிக்கும். கொண்டா பென்சிலை!"

பறித்தேவிட்டார். தானே குனிந்து, கோணல் மாணலாக அந்தச் சொல்லை எழுதினார். ஒரு சொல்லால் ஒரு மனுசியை விதவையாக்கி, பெற்ற மகளின் கல்யாணத்தில் பின்வரிசைக் கதிரையில் இருத்தப் பார்க்கிறார்! எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாய் பூத்தட்டோடு வந்தார். வாசித்தார். அழவில்லை.

"அண்ணை, நான் அவரைக் கடைசியாக் கண்டது, அவர் நடந்து போகேக்கை. செத்ததை நீங்கள் கண்டனீங்களோ? கண்டிருந்தால் சொல்லுங்கோ. இப்பவே இந்தப் பொட்டை அழிக்கிறன்."

சுற்றி நின்ற சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் நிலத்தைப் பார்த்தார்கள். பட்டுச் சேலைக்கும் வேட்டிக்கும் குறைவில்லை, ஒரு நியாயம் கேட்கத்தான் அங்கே ஆளில்லை.

நான் றப்பரை எடுத்தேன். தேய்த்த தேய்ப்பில் தாள் கிழியாதது அதிசயம்.

"நீ எழுத வந்தனியோ, ஞாயம் பிளக்க வந்தனியோ?" என்று பெரியப்பா பாய்ந்தார்.

"எழுதத்தான் வந்தனான், ஐயா. எழுதுறன், பாருங்கோ."

தூரிகையை நனைத்து, மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு, முதலில் அந்தத் தகப்பனின் பெயரைத் தொட்டேன். வெளிறிக் கிடந்த நீலம் எழுத்தெழுத்தாகக் கறுத்து எழும்பியது. "இனி இதில ஒருத்தரும் கைவைக்கேலாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

தாய் குங்குமத்தோடு மணவறையடியில் முன்னுக்கு நின்றார். பின்னேரம் அதே பெரியப்பா அதே பலகைக்குப் பக்கத்தில் பல்லெல்லாம் தெரியப் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தக் கோபத்தை ஆற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தேடிக்கொண்டிருப்பவள் தேடிக்கொண்டிருக்கும்போது, அவளுடைய மனிசன் செத்துப்போனார் என்று எழுத வேறு எந்தக் கைக்கு உரிமை இருக்கிறது?