குரல் மட்டும் போதுமாம்

சீர்காழிப் பக்கத்தில் முப்பது வருடமாக நடவு நடுகிறவள் ஈஸ்வரி. இசை, வரலாறு, இயற்கை என்று அரசுத் தொலைக்காட்சி ஒரு மாதத்துக்குச் சிறப்பு நிகழ்ச்சிகள் போட்டது. அதற்காக வயலுக்கே வந்து, அவளைப் பாடவைத்துப் படம் பிடித்துப் போனார்கள்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று மாலை தெருவே அவள் வீட்டில் கூடியிருந்தது. பாட்டு வந்தது, அவள் குரல்தான். திரையிலோ பட்டுப்புடவை கட்டிய நான்கு சிவத்த பெண்கள். நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். இவர்களோ முன்னால் நடந்து, நட்ட நாற்றைத் தாங்களே மிதித்தார்கள்.

"என்னா சோப்புடி போட்ட? இப்புடி வெளுத்துட்ட!" என்றாள் பக்கத்து வீட்டு ஞானாம்பாள். தெரு சிரித்தது. ஈஸ்வரி எழுந்து டிவியை அணைத்தாள்.

மறுநாள் படம் எடுத்தவர் போனில் கூப்பிட்டார்.

"அடுத்த வாரத்துக்கு அறுப்புப் பாட்டு ஒண்ணு வேணும்மா."

"மூஞ்சி?"

"அத நாங்க பாத்துக்கறோம். டிவில கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்ல?"

"இந்த மூஞ்சி நட்ட நெல்லுதான சார் திங்கிறீங்க? அது மட்டும் எப்புடி எறங்குது? நாத்த மிதிச்சாங்களே, அவங்களையே பாடச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டு வயலுக்குக் கிளம்பினாள்.