எங்கே என்று எழுதாத கடிதம்

ஊரில் யாராவது கண்ணை மூடினால் ஒரு கிழமைக்குள் என் வீட்டுக் கேற்றில் ஆள் வந்து நிற்கும். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க நினைவுமலர் வேண்டும். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு நான் எழுதும் நான்கு பக்கம். நான் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டவள். அவை ஓர்ஸ் ஹில் வீட்டில் என் கட்டிலுக்குக் கீழே கட்டுக்கட்டாக இன்னும் கிடக்கின்றன. நினைவுமலரை மட்டும் எல்லோரும் வாசிப்பார்கள். தங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. வாசித்தவர்கள் அழுதார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வரும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இத்தனை வருட எழுத்தில் எனக்குக் கிடைத்த விருது அது ஒன்றுதான்.

அந்த விருதால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி இறக்கக்கண்டியில் கலியாணம் கட்டி, அங்கேயே கடல் தொழிலுக்கு இறங்கியவன். தம்பியின் மனைவியை நான் மச்சாள் என்பேன். அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். மச்சாளின் அண்ணனும் என் தம்பியும் ஒரே படகில் போகிறவர்கள். அண்ணன் நாற்பது தாண்டியவர், தனி ஆள், சீனி வருத்தக்காரர், நீரிழிவுக்கு நாளும் மாத்திரை போடுகிறவர். குளிசையை மறந்தாலும் பகிடியை மறக்காத மனிதர். என்னைக் கண்டால், "அக்கா, எனக்கு எழுத வேண்டி வந்தால் கொஞ்சம் நிறத்தைக் கூட்டி எழுதுங்கோ" என்பார். நானும் சிரித்துவிட்டு, "நாலு பக்கம் காணுமோ?" என்று கேட்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இருவரும் தூண்டிலுக்குப் போனார்கள். புதன் காலை ஏழு மணிக்குள் கரைக்கு வந்திருக்க வேண்டும். பத்து மணிக்கு மச்சாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அழவில்லை. "மச்சாள், போட் வரேல்லை" என்று மட்டும் சொன்னாள். நான் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் படகுகள் ஐந்தாறு தேடிப் போயிருந்தன. எல்லாம் வடக்கே, குச்சவெளிப் பக்கம். ஏனென்றால் தம்பி கரையில் நின்றவர்களிடம் வடக்கே போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மீன் கிடைக்கும் பாரை, அதாவது கடலுக்கடியில் இருக்கும் கல்லுத் தரையை, கண்டுபிடித்தவன் யாருக்கும் சொல்லமாட்டான். கிழக்கே போகிறவன் வடக்கே போகிறேன் என்பான். கேட்கிறவனும் அதை நம்பமாட்டான். ஆனால் வேறு வழி தெரியாதபோது நம்பித்தான் தேட வேண்டும். தம்பியிடம் ஜிபிஎஸ் கருவி இருந்தது. அதிலும் அந்த இடத்தைப் பதிந்து வைப்பதில்லை. திருத்தக் கொடுக்கும் கடையில் யாராவது பார்த்துவிடுவார்களாம். கரையில் தெரியும் அடையாளங்களைக் கண்ணால் பிடித்துத்தான் போவான்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் படகுகள் வெறுமனே திரும்பின. உள்துறைமுகப் பக்கத்தில் தேடும் படகுகளை அனுப்புகிற ஓர் அலுவலகம் இருக்கிறது. ஊர்ச் சங்கத் தலைவர் அங்கே ஏற்கெனவே வாயால் முறையிட்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எழுத்தில ஒண்டு குடுத்தால் வடிவாத் தேடுவினம். நீங்கள் இருக்கேக்க நாங்கள் ஏன் வேறை ஆளைத் தேடவேணும்?"

ஓம், நான் இருந்தேன். மச்சாள் குசினியிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள். பிள்ளையின் கொப்பியிலிருந்து தாள் கிழித்துத் தந்தாள். பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். நான் எழுதத் தொடங்கினேன்.

கை தானாக ஓடியது. கடலையே தாயாக நம்பிய குடும்பம் என்று தொடங்கினேன். தம்பி சிறுவயதில் எனக்குப் பின்னால் ஓடி வந்ததை எழுதினேன். கரையில் காத்திருக்கும் மனைவியின் கண்ணை எழுதினேன், அப்பாவின் வருகைக்காகச் சோற்றைத் தொடாத பிள்ளையை எழுதினேன். பிள்ளை உண்மையில் இரண்டு தரம் சாப்பிட்டிருந்தது. அண்ணனுக்கு ஒரு வரி கொடுத்தேன்: "உடன்சென்ற உறவினர் ஒருவரும்." அவருக்குச் சீனி வருத்தம் என்பதோ, குளிசை வீட்டு அலுமாரியில் கிடக்கிறது என்பதோ அந்தக் கடிதத்தில் இல்லை.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் மச்சாள் மெல்ல, "மச்சாள், அதில..." என்று தொடங்கினாள். நான் இடது கையைத் தூக்கி அவளை நிறுத்தினேன். அவளுடைய துயரத்துக்குத்தான் ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தேன். அது நுனி நாக்கில் நின்றது. அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல் கிடைத்தது. நான் அதை எழுதினேன்.

மூன்று பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன். முற்றத்தில் நின்றவர்கள் அழுதார்கள். சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்தார். கடவுள் என்னை மன்னிக்கட்டும், அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பழைய சந்தோசம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு மச்சாளும் நானும் கடிதத்தை அந்த அலுவலகத்தில் கொடுத்தோம். பொறுப்பான அதிகாரி சிங்களம் பேசுகிறவர். தமிழ்க் கடிதங்களை மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார், கிண்ணியாக்காரர், தலை நரைத்த மரியாதையான மனிதர். மூன்று பக்கத்தையும் பார்த்துவிட்டு, "இருங்கோ மிஸ், செய்து தாறன்" என்றார். நாங்கள் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். தேடும் படகு விடியவே போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. வடக்கே என்று மச்சாளுக்குத் தெரிந்திருந்தது. அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

ஒன்பது மணி ஆனது. பத்து ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் எழுதுவதும் வெட்டுவதும் தடித்த அகராதியைப் புரட்டுவதும் தெரிந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவர்மீதுதான் கோபம் வந்தது. மத்தியானம் அவர் சாப்பிடக்கூட எழும்பவில்லை. இரண்டரை மணிக்குத்தான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

"மிஸ், குறை நினையாதீங்க. உங்கட கடிதத்தை வாசிக்கக்குள்ள எனக்கு அழுகை வந்திட்டு. ஒரு சொல்லும் விடுபடக் கூடா எண்டு பாத்துப் பாத்துச் செய்தனான். அதுதான் சுணங்கிப் போச்சு" என்றார் அவர்.

அதிகாரி மொழிபெயர்ப்பை வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசித் தாளைத் திருப்பி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிண்ணியாக்காரர் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"ஐயா கேக்கிறார், எங்க போனவங்க எண்டு."

நான் கடிதத்தைக் காட்டினேன். "எழுதியிருக்கிறன்தானே. வழமையாத் தொழில் செய்யிற இடத்துக்கு எண்டு."

"ஓம் மிஸ். அது எங்க?"

எனக்குத் தெரியாது. மூன்று பக்கம் எழுதியவளுக்கு அது தெரியாது. தெரியாது என்பதுகூட அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியவில்லை. கடலையும் கண்ணீரையும் எழுதிய நான், இந்தத் தாளைக் கையில் வாங்குகிறவன் படகை எந்தப் பக்கம் திருப்புவான் என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு அழப் போகிறவர்களுக்கு எழுதுவதுபோல எழுதியிருந்தேன். உயிரோடு இருந்த இரண்டு பேருக்கு நான் நினைவுமலர் எழுதியிருந்தேன்.

அப்போது மச்சாள் பேசினாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"எனக்குத் தெரியும். அண்ணன் எனக்குச் சொன்னவர். உங்கட தம்பி ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். நேத்து உங்களுக்குச் சொல்லத்தான் வாயெடுத்தனான். பிறகு துணிவு வரேல்லை."

நான் அந்தக் கதிரையிலேயே செத்திருக்கலாம். அதற்கும் நேரமில்லை. மேசையில் கிடந்த தாள் ஒன்றை இழுத்து, "சொல்லுங்கோ" என்றேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு சொல்லையும் நான் தேடவில்லை. இதுதான் அந்தக் கடிதம்:

"செவ்வாய் பின்னேரம் நான்கு மணிக்கு இறக்கக்கண்டியில் இருந்து போனார்கள். வடக்கே போகவில்லை. நேர் கிழக்கே போனார்கள். கரையைத் திரும்பிப் பார்த்தால் புறாமலைத் தீவுக்கு நேர் பின்னால் இரட்டை மலையின் பள்ளம் தெரிய வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு கோணேசர் மலை பெருவிரல் நகமளவுக்குச் சிறுக்கும் வரை போவார்கள். ஒன்றரை மணித்தியால ஓட்டம். நீலப் படகு, உள்பக்கம் வெள்ளை. குடிதண்ணீர் ஒரு பிளாஸ்டிக் கான். இரண்டு பேர். ஒருவருக்குச் சீனி வருத்தம், கையில் குளிசை இல்லை."

கிண்ணியாக்காரர் நின்றபடியே அதை வாயால் சொல்ல, அதிகாரி வரைபடத்தில் பென்சிலை வைத்தார். கச்சான் காற்று இரண்டு நாளில் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, பென்சிலை இன்னும் கிழக்கே நகர்த்தினார். தொலைபேசியை எடுத்தார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெள்ளி காலை அவர்களைக் கண்டுபிடித்தார்கள். இயந்திரம் பழுதாகி, படகு காற்றோடு போயிருந்தது. தம்பி உயிரோடு இருந்தான். அண்ணன் இல்லை. வெயில் படாமல் தம்பி அவரைத் தறப்பாளால் மூடி வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பி என்னிடம் சொன்ன முதல் கதை அண்ணனைப் பற்றித்தான். புதன் முழுக்க நல்லாகத்தான் இருந்தாராம். வியாழன் காலையில் கொஞ்சம் சம்பந்தமில்லாமல் பிசத்தத் தொடங்கினாராம். "ஆனா கதைச்சுக்கொண்டே இருந்தவர், அக்கா. பகிடியும் விட்டவர். மத்தியானம் உச்சி வெயிலுக்குப் பிறகுதான் சத்தமில்லாமப் போனார்."

நான் மணித்தியாலங்களை எண்ணினேன். எட்டு மணிக்குக் கடிதம் கொடுத்தேன். இரண்டரைக்குப் பிறகுதான் இடத்தைச் சொன்னோம். யாரும் என்னிடம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. எட்டு மணிக்கே இடம் தெரிந்திருந்தாலும் உச்சிக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாமலே நான் இருந்துவிட்டுப் போகவேண்டியதுதான். சங்கத் தலைவர் மட்டும் செத்த வீட்டில் ஒருவரிடம், "இவ எழுதின கடிதத்தாலதான் ஒருத்தராவது தப்பினது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நின்றார். எனக்கு அவருடைய வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

தம்பியின் மீன் பார் இப்போது ஊருக்கே தெரியும். விடிந்தால் பத்துப் படகு அங்கே நிற்கிறது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் வேண்டும் என்று உறவினர்கள் வந்து கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். அவர்கள் விளங்காமல் திரும்பிப் போனார்கள். இரண்டு நாள் கழித்து மச்சாளே ஓர்ஸ் ஹில்லுக்கு வந்தாள். அதுவரை அவள் என்னோடு தனியே பேசவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அது ஆறிக் கிடந்தது.

"நீங்கள்தான் எழுதவேணும், மச்சாள்."

"என்னால ஏலாது."

"ஏலும்."

நான் தாளை எடுத்தேன். இந்தத் தரம் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "என்ன எழுத?" என்று அவளிடம் கேட்டேன். அவள் யன்னலுக்கு வெளியே துறைமுகத் தண்ணீரைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை.

"அண்ணன் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் கதைச்சுக்கொண்டு இருந்தவராம். அதைப் போடுங்கோ."

அட்டையில் அவருடைய படம் இருக்கிறது. உள்ளே தேவாரம் இருக்கிறது. அதற்கடுத்த பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. அன்றைக்கு வந்தவர்கள் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். மிச்சத்தை அச்சகத்தில் விட்டுவிட்டார்களோ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை, அவ்வளவுதான் என்றேன்.