காக்கிச் சட்டைப் பட்டவர்

1946ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நண்பகல். அரியலூர் ரயிலடியில் இறங்கி, பஸ் பிடித்து, உடையார்பாளையத்திலிருந்து மீதி வழியை நடந்தே கடந்து இலுப்பங்குறிச்சிக்கு வந்து சேர்ந்த சிங்காரவேலு, ஊர் எல்லையில் புதிதாக ஒரு சாமி முளைத்திருப்பதைக் கண்டான். இலுப்பை மரத்தடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். மஞ்சள் பூச்சு, குங்குமப் பொட்டு, வாடிய அரளி மாலை. முன்னால் ஒரு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும். பட்டாளத்துக்குப் போய் ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவன் எல்லைச் சாமியைக் கும்பிடாமல் ஊருக்குள் நுழையலாகாது. மூட்டையை இறக்கி வைத்தான். பூட்ஸைக் கழற்றினான். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அங்கிருந்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டான்.

பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை அப்போதுதான் அவனைப் பார்த்தாள். அவள் அவனுடைய தகப்பனாரின் தங்கை. முதலில் அவன் முகத்தைப் பார்த்தவள், உடனே காலைப் பார்த்தாள். கால் தரையில் பாவியிருந்தது, நிழலும் விழுந்திருந்தது.

"அட பாவி மருமவனே! உசுரோடவாடா இருக்கே?" என்று ஓடிவந்து அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. "யாரக் கும்புட்டேன்னு தெரியுமாடா ஒனக்கு? அது நீதாண்டா!"

சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, அங்கிருந்து கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ பிரிட்டன் தீவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் அவனும் ஒருவன். அந்தத் தீவிலிருந்து கடிதம் எதுவும் வெளியே போகவில்லை. 1944இல் சர்க்காரிடமிருந்து வீட்டுக்குத் தந்தி வந்தது: ஆளைக் காணவில்லை, இறந்திருக்கலாம். அண்ணன் பழனிவேல் கருமாதி செய்தான். அடுத்த மாதம் உழவு மாடு ஒன்று செத்தது, மழையும் பொய்த்தது. கலியாணம் காணாமல் அயல் மண்ணில் மாண்டவன் பசியோடு அலைகிறான் என்று பூசாரி சொன்னார். அப்படிப்பட்டவர்களுக்குக் கல் நட்டுப் பட்டவர் என்று கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கல் நட்டார்கள். முதல் படையலன்று உடுக்கை ஒலித்தபோது பட்டவர் வந்து இறங்கியது அண்ணி ஜெகதாம்பாளின் மேல்.

ஊருக்குள் செய்தி பரவுவதற்குள் சிங்காரவேலு வீடு சேர்ந்துவிட்டான். பழனிவேல் தம்பியைக் கட்டிப்பிடித்துக் கதறினான். கூடம் நிறைய ஆட்கள். ஜெகதாம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, "வாங்க தம்பி" என்றாள். எல்லார் முகத்திலும் இருந்த வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் இல்லை.

அதைக் கவனித்தவள் சின்னப்பிள்ளைதான். "ஏண்டி ஜெகதா, இவன் உசுரோட அந்தத் தீவுல கெழங்கு தோண்டிக்கிட்டுல்ல கெடந்திருக்கான். அப்ப இந்த ரெண்டு வருசமா ஒம்மேல ஏறி ஆடுனது எந்த ஊரு ஆசாமிடி?"

கூடம் அதிரச் சிரித்தார்கள். பழனிவேல் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பார்வையின் பொருள் சிங்காரவேலுக்குச் சிறுகச் சிறுகத்தான் விளங்கிற்று. கப்பலேறுமுன் பட்டாளத்திலிருந்து அவன் அனுப்பிவைத்த காக்கிச் சட்டை ஒன்று வீட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜெகதாம்பாள் அதைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வாள், உடுக்கை ஏறியதும் குரல் மாறும், நடை மிடுக்காகும். "டேய் அண்ணே" என்று புருஷனையே கூப்பிடுவாள். பட்டவர் சொன்னார் என்பதற்காகப் பழனிவேல் கள்ளுக்கடைப் பக்கம் போவதை விட்டான். பட்டவர் சொன்னார் என்பதற்காக ஏரிக்கரைக் கொல்லையை விற்காமல் வைத்திருந்தான். பெண்டாட்டி மேல் கையை வைத்தால் அந்தக் கை விளங்காது என்று பட்டவர் ஊர் கேட்கச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவன் கை எழவில்லை.

"செத்துப்போன தம்பி வாயத் தொறந்து கேக்குறான்னுதானடா எல்லாத்தையும் விட்டேன்" என்று மூன்றாம் நாள் பழனிவேல் சொன்னான். குரலில் கோபத்தைவிட வலி அதிகமாக இருந்தது. "அழுது அழுது விட்டேன்டா. இவ சட்டையப் போட்டுக்கிட்டு என்னய ஏமாத்தியிருக்கா. வெள்ளிக்கெழம ஊரக் கூட்டியிருக்கேன். நீ கல்லுகிட்ட நின்னு, நான் வரல, நான் உசுரோட இருந்தேன்னு ஒரு வார்த்த சொல்லு. கல்லப் பேத்துப் போட்டுட்டு இவள அவ பொறந்த வூட்டுக்கு, பூலாம்பாடிக்குப் பஸ் ஏத்தி வுட்டுர்றேன். நீ ஒம்பாட்டுக்குத் திருச்சிக்குக் கெளம்பு."

திருச்சியில் ஒரு பஸ் முதலாளி அவனுக்கு டிரைவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். மூன்றாண்டுகள் முள்வேலிக்குள் கிடந்தவன். ஒரு வண்டியின் சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் இரண்டு நாள் நில்லாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவனுக்கு இல்லை. உண்மை ஒன்றைச் சொன்னால் போதும், கல்லோடு கட்டுண்ட பேர் கழன்று அந்த வழி திறந்துவிடும். அதைச் சொன்னால் அண்ணிக்கு இந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடும். இரண்டும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை பருத்திக் கொல்லையில் அவள் தனியாக வெடித்த காய்களிலிருந்து பஞ்செடுத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றான்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். அது நெசமாவே வந்துச்சா?"

அவள் கை நிற்கவில்லை. "உடுக்கை அடிக்கிற வரைக்கும் நாந்தான் நிக்கறேன் தம்பி. சட்டையப் போட்டா அப்பறம் கை காலு என்னுது இல்ல. பொறவு மூஞ்சில தண்ணி ஊத்தி எழுப்புறாங்க. நடுவுல பேசுனது யாருன்னு என்னயக் கேட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்?"

"அடிக்கக் கூடாதுன்னு சொன்னது?"

"அத நானும் சொல்லிப் பாத்தேன், கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து. செவுத்துகிட்ட சொன்ன மாதிரிதான்." சிரித்தாள். நிமிர்ந்தபோது முந்தானை விலகி, முழங்கைக்கு மேலே ஒரு பழைய தழும்பு தெரிந்தது. சட்டென்று மூடிக்கொண்டாள்.

"நான் என்ன சொல்லணும், சொல்லுங்க அண்ணி."

"உள்ளதச் சொல்லுங்க. பூலாம்பாடில எங்கண்ணன் வூட்டு மாட்டுக்கொட்டாயில எடம் இருக்கு. நீங்க உசுரோட வந்ததே பெரிசு. அதுக்கு மேல கேக்க எனக்கு வாயில்ல."

கெஞ்சியிருந்தால் அவனால் தட்டிக்கழித்திருக்க முடியும்.

அவன் கொல்லை வரப்பில் உட்கார்ந்தான். அந்தத் தீவை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்த கட்டுப்பாடு அன்று உடைந்தது. எரிமலை ஓரத்து மலையில் அவர்கள் சுரங்கம் தோண்டினார்கள். வேலைக்குப் போகிற பாதையில் தோரங் என்ற கிராமத்து மனிதன் இலையில் சுற்றிய கிழங்கைக் காவலர் கண்ணில் படாமல் புதரோரம் வைத்துவிட்டுப் போவான். சிங்காரவேலும் அவனுடைய கூட்டாளிகளும் அதில்தான் உயிர் பிடித்திருந்தார்கள். ஒருநாள் அக்கிராமத்தில் பெரியவர் ஒருவரின் சாவுச் சடங்கு. காவலர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கைதிகளையும் பாதையோரம் உட்கார வைத்தார்கள். இடை சிறுத்த பறைகள் முழங்கின. உருவத்தில் நம் உடுக்கைக்கு அண்ணன் முறை. காட்டுக்குள்ளிருந்து அது வந்தது. கூம்பு போன்ற முகமூடி, வட்டத்துக்குள் வட்டமாக வெள்ளைக் கண்கள், தோளிலிருந்து தொடைவரை இலைகளால் ஆன கூடு. கை தெரியாது, காலடி மட்டும் தெரியும். துபுவான் என்றார்கள், முன்னோரின் தாய் ஆவி. பெண்களும் பிள்ளைகளும் எட்டி நின்றார்கள். ஊரில் யார் மேலாவது கைநீட்டியவன்கூட அதன் முன்னால் அவர்கள் காசாகப் புழங்கும் சங்குமணிச் சரத்தை அபராதமாக வைத்துத் தலைகுனிந்தான்.

ஆடிக்கொண்டே அது கைதிகளை நெருங்கியபோது, புதரோரம் பல நாள் பார்த்திருந்த, வளைந்துபோன இடக்கால் பெருவிரலைச் சிங்காரவேலு கண்டான். பசிக்குச் சோறு போட்டவனைக் கண்ட மகிழ்ச்சியில், "தோரங்!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டான்.

பறை நின்றது. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. எவரும் அவனைத் தொடவில்லை. துபுவான் திரும்பி நடந்து காட்டுக்குள் போயிற்று. அன்றைக்குப் பிறகு புதரோரம் கிழங்கு இல்லை. தண்ணீர் சுமக்க வந்த கிழவர் ஒருவர், இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த பேச்சில் அவனுக்கு விளக்கினார்: உள்ளே ஆள் இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், பேரைச் சொன்னால் ஆவி போய்விடும், ஆளும் போய்விடுவான். அந்த மழைக்காலத்தில் கூட்டாளிகளில் இரண்டு பேரை அவன் புதைத்தான்.

அங்கே தாயின் கூட்டுக்குள் ஓர் ஆண் இருந்தான். இங்கே ஆணின் சட்டைக்குள் ஒரு பெண் இருக்கிறாள். பேரைச் சொல்ல வேண்டிய இடத்தில் மறுபடி அவனையே நிறுத்தியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இலுப்பை மரத்தடியில் ஊர் கூடியது. பழனிவேல் கடப்பாரையோடு நின்றான். ஜெகதாம்பாள் ஒரு துணி மூட்டையோடு கடைசியில் உட்கார்ந்திருந்தாள். போவதற்குத் தயாராகவே வந்திருந்தாள்.

"சொல்லுடா" என்றான் பழனிவேல். "நீ இங்க வந்தியா?"

சிங்காரவேலு கல்லைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "வந்தேன்."

கூட்டம் சலசலத்தது. "ஏண்டா மருமவனே, செத்தவன் வருவான். உசுரோட இருக்கறவன் எப்பிடிடா வருவான்?" என்றாள் சின்னப்பிள்ளை.

"ஒடம்பு அங்க கெடந்துச்சு அத்தே. மத்ததெல்லாம் இங்கதான் இருந்துச்சு."

அது முழுப்பொய் அல்ல என்பதால் குரல் நடுங்கவில்லை. ஆனால் பழனிவேல் விடவில்லை. "சரி. போன தை வெள்ளிக்கெழம எங்காதோட ஒண்ணு சொன்னியே. என்ன சொன்ன? சொல்லு பாப்பம்."

அது சிங்காரவேலுக்குத் தெரியாது. ஜெகதாம்பாளின் முகம் வெளிறிவிட்டது. கண் எதிரே மறுபடியும் வேலிக்கம்பிகள் நெருங்கி வருவதுபோல் அவனுக்கு இருந்தது. மெதுவாக அண்ணனிடம் போய் நின்றான்.

"காதோட சொன்னத நாலு பேரு முன்னால சொல்லச் சொல்றியாண்ணே?"

பழனிவேல் கூட்டத்தைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். கண் கலங்கிற்று. கடப்பாரை தரையில் விழுந்தது. "வேணாண்டா" என்றான். "அப்ப நீதான்." அந்த இடத்திலேயே கல்லின் முன் விழுந்து கும்பிட்டான். எழுந்தவன் ஒரு கணம் தடுமாறி, தம்பியின் காலிலும் விழுந்தான்.

ஜெகதாம்பாள் மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சிங்காரவேலின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவனுடைய நாட்கள் வேறு விதமாயின. கடைத்தெருவில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவன் வந்தால் எழுந்தார்கள். பீடி கேட்டால் கட்டோடு கொடுத்துக் காசு வாங்க மறுத்தார்கள். சின்னப்பிள்ளையின் மகள் சுந்தராம்பாளை அவனுக்கு முடிப்பதாகச் சிறுவயது முதலே பேச்சு. அதைப் பற்றி அவன் வாயெடுத்தபோது அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "மனுசனுக்குன்னா குடுப்பேண்டா. கல்லா நட்டு வச்சவனுக்கு எம்பொண்ண எப்பிடிடா குடுக்கறது? அவளுக்கு ராத்திரில பயமா இருக்காதா?"

கேலி போலத்தான் சொன்னாள். கண்ணில் கேலி இல்லை.

இன்னும் திருச்சி இருந்தது. சித்திரை பிறந்ததும் கிளம்புவதென்று முடிவு செய்தான். அண்ணியிடம் சொன்னபோது, "போயிட்டு வாங்க தம்பி" என்றாள். பழனிவேல் தட்டிலிருந்து தலையெடுக்காமல், "போயிட்டு வாடா. வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றான். அன்று சாயங்காலம் ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் மேல் கள் வாடை அடித்தது.

புறப்பாட்டுக்கு முந்திய வெள்ளிக்கிழமை படையல். கருவாட்டுக் குழம்பு, கம்பஞ்சோறு, பீடி. தனக்கு வைத்த படையலை ஓரமாக நின்று சிங்காரவேலு பார்த்தான். பூசாரி உடுக்கையை எடுத்தார். ஜெகதாம்பாள் காக்கிச் சட்டையை மாட்டி, பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். சிறிது நேரம் அசையாமல் நின்றாள். பிறகு முதுகு நிமிர்ந்தது. அணிவகுப்பில் நடக்கிறவன் போல் கால் எடுத்து வைத்தாள். அந்த நடை அவனுடையதேதான். வேப்பிலை பறந்தது. புழுதி எழுந்தது.

"எல்லாத்தயும் வுட்டுட்டுப் போறேன்னு எவன்டா சொன்னது?" என்று கனத்த குரல் கேட்டது. "என் எல்லை ஏரிக்கரை. அதத் தாண்டி நான் போவ மாட்டேன். போனேன்னா இந்த வூட்ல வெளக்கு எரியாது. கேட்டுக்கிட்டியாடா அண்ணே?"

"கேட்டுக்கிட்டேன் சாமி" என்று பழனிவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஊரே சிங்காரவேலின் பக்கம் திரும்பியது. அவன் அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தான். கண்கள் மேலே செருகியிருந்தன, வியர்வை வழிந்தது. ஆடுவது யாரென்று அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இது நான் இல்லை என்று அவன் ஒரு சொல் சொன்னால் கல் பெயர்ந்துவிடும். மாட்டுக்கொட்டாயில் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கும்.

"என்னடா மருமவனே" என்றாள் சின்னப்பிள்ளை, "போறியா, இருக்கியா?"

அவன் முன்னால் போய் அண்ணியின் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டான்.

"அதான் சொல்லிட்டனே அத்தே" என்றான்.