பூனைக்கு வாங்கிய மீன்

பிரெஞ்சுக்காரன் போன மறுவருஷம், காரைக்காலில் நாலு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் குடியிருந்தோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பூனை. பசித்தால் கத்தி ஊரைக் கூட்டும். "கத்தும்போது எதுவும் போடாதீங்க, அடங்கின பிறகு போடுங்க" என்று நான்தான் சட்டம் பேசினேன். பத்து நாளில் சத்தம் குறைந்தது.

புரட்டாசி விரதம் தொடங்கியதும் ஒரு வீட்டிலும் மீன் இல்லை. பூனை என் வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தியது. மூன்றாம் நாள் எனக்கே அலுத்துவிட்டது. திருவேட்டக்குடியிலிருந்து வரும் மீன்காரம்மாவிடம் ரெண்டு மத்தி வாங்கிப் போட்டேன். முள்கூட மிச்சமில்லை.

கை கழுவும்போது பக்கத்துக் குடித்தனத்து அம்மா மூக்கைச் சுளித்தார்.

"புரட்டாசியிலுமா மீன்?"

"பூனைக்குங்க."

அவர் நம்பவில்லை. மூன்று நாள் ஓயாமல் கத்தின பூனை, அப்போது மட்டும் வாயைத் திறக்கவில்லை.