மூஞ்சி தெரிந்தால் போதும்

அவருக்குத் தெருவில் பெயர் ‘பாஸ்போர்ட்’. இருபத்தாறு வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் மாப்பிள்ளையை விசாவுக்கு நிற்கிறவன் மாதிரிதான் எடுப்பார் என்பார்கள். அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டதே அவர் மனைவிதான்.

அவள் போய் நாற்பத்து மூன்று நாள். அவருக்கு அழுகை வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், கடையைத் திறந்தார், சாத்தினார். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

படுக்கையோடு கிடந்த கடைசி மாதத்தில், ஜன்னல் சட்டத்து ஓட்டைக்கு மண் சுமந்த ஒரு பச்சைக் குளவிதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. அரிசி மணி அளவு. அது செத்து விழுந்ததும் மாத்திரை டப்பாவில் எடுத்து வைத்தாள். “இது மூஞ்சிய ஒரு தடவ பாக்கணுங்க. பெருசா எடுத்துக் குடுங்க.” அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் அவள் இல்லை.

இப்போது டப்பா அவர் சட்டைப்பையில் இருந்தது. இருப்பது ஒரே குளவி. விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

கேமரா கடைக்கு மனைவியின் தம்பியும் கூட வந்திருந்தான். மைக்ராஸ்கோப் லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையத்தைப் பார்த்ததும் அவனுக்கு ஆசை வந்துவிட்டது. “பத்து மடங்கு மாமா. இதையே வாங்கிடுங்க.”

கடைக்காரர் அதைக் கேமராவில் மாட்டி, மேசையில் ஒரு சர்க்கரைத் துகளை வைத்தார். “இதுல ஃபோகசுக்குத் திருக ஒண்ணும் கெடையாது சார். கேமராவத்தான் முடியளவு முடியளவா நகத்தணும். பாத்து.”

அவர் கேமராவில் கண்ணை வைத்துக் குனிந்தார். சட்டத்துக்குள் துகள் மங்கலாகத் தெரிந்தது. முகம் சட்டத்தை நிறைக்கும்வரை முன்னால் போவது இருபத்தாறு வருடப் பழக்கம். கை தானாகத் தள்ளியது. லென்ஸ் முனையில் நறுக்கென்றது.

“நல்லவேள, சக்கரை” என்றார் கடைக்காரர்.

அவர் நொறுங்கிய தூளைப் பார்த்தார். கை ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டு வந்தது.

“தள்ளி நின்னு எடுக்கற மாதிரி இருக்கா?”

“மேக்ரோ லென்ஸ் இருக்கு, நடுவுல ரெண்டு வளையம் போட்டுக்கலாம். நாலு விரக்கட எடம் கெடைக்கும். ஆனா மூஞ்சி தெரியும், அவ்வளவுதான். கண்ணுக்குள்ள இருக்கற கட்டமெல்லாம் வராது.”

“என்ன மாமா, வந்ததே பெருசா எடுக்கத்தான?” என்றான் மச்சினன்.

“மூஞ்சிதான்டா கேட்டா.”

அன்று மாலை, ஸ்டுடியோவின் வெள்ளைத் துணிக்கு முன்னால், குண்டூசித் தலையில் பசை தொட்டுக் குளவியை நிறுத்தினார். கேமராவை முக்காலியில் பூட்டி, மின்விசிறியை அணைத்தார். மச்சினன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

“கண்ணச் சிமிட்டாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினார்.

மச்சினன் சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். திரையில் குளவியின் முகம் நேராக, இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தது. விசாவுக்கே கொடுக்கலாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வழக்கம்போல எட்டுப் பிரதிக்கு அச்சில் போட்டார்.